பதம் பார்த்து இறக்குங்கள்!

(குமாரலிங்கபுரத்தில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில், 'வளரும் வீரனை உலக மேடையில் ஏற்றுவது அவன் துணிவைப் பார்த்தா, பதத்தைப் பார்த்தா?' என்ற தலைப்பில், 'பதத்தைப் பார்த்தே' என்னும் அணியில் பேசியது.)

நடுவர் அய்யா அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணியில் வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அன்பு நண்பர்களே, பந்தலுக்கு உள்ளேயும் வெளியே வேப்பமரத்தடியிலுமாக நிறைந்திருக்கும் குமாரலிங்கபுரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் நேயர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணாச்சி, பேசலீங்க. குத்துச்சண்டையே போட்டுட்டுப் போயிட்டாரு. மைக்குக்கு ஒரு குத்து, மேசைக்கு ஒரு குத்து. நல்லவேளை, நடுவர் அய்யா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தார். (சிரிப்பு)

அவர் என்ன சொன்னார்? "வீரன் என்று ஒருத்தன் கிளம்பிவிட்டால் யோசிக்காதே. உலகச் சண்டையில் இறக்கிவிடு. ஜெயிச்சா மாலை, தோத்தா பாடம்" என்றார். கேட்க நல்லாத்தான் இருக்கு. நீங்களும் கை தட்டினீர்கள். நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பாடம் படிக்கணும்னா, விழுந்தவன் எழுந்திருக்கணுமே அய்யா? எழுந்திருக்காமலே போனவனும் இந்த விளையாட்டில் இருக்கிறானே! அவனுக்கு யார் பாடம் சொல்வது? அதற்குப் பிறகு வருகிறேன்.

நடுவர் அவர்களே, பதம் என்றால் என்னவென்று பட்டணத்து மேடையில் பேசினால் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த பூமியில் அந்த விளக்கத்தை நான் சொன்னால், இங்கே இருக்கிற அய்யாமார் சிரிப்பார்கள். மழை பெய்கிறது. உடனே விதைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டா ஓடுகிறோம்? இல்லை. காட்டுக்குப் போய் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்க்கிறோம். கையில் அப்பிக்கொண்டால், இன்னும் பொறுக்க வேண்டும். பொலபொலவென்று கொட்டினால், போச்சு, ஈரம் ஓடிப்போச்சு. ரெண்டுக்கும் நடுவில் ஒரு நிலை இருக்கிறது பாருங்கள், அதுதான் பதம். அந்தப் பதத்தில் போட்ட விதை முளைக்கும். பதம் தப்பிப் போட்ட விதை எறும்புக்குப் போகும். விதைக்கு வாங்கின கடன் மட்டும் நம்மகிட்ட நிக்கும். (கைதட்டல்)

மண்ணுக்கே இவ்வளவு பார்க்கிறோமே, மனுஷனுக்குப் பார்க்க வேண்டாமா? தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று நம்ம வீட்டு அம்மாக்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்க்கிறார்கள். தோசைக்கல்லுக்கு உள்ள மரியாதை நம்ம பிள்ளைக்குக் கிடையாதா?

எதிரணி முதலில் எடுத்து வீசியது விஜேந்தர் சிங்கை. நல்ல பெயர். மரியாதைக்குரிய பெயர். ஹரியானாவில் பிவானி பக்கம் காலுவாஸ் என்கிற கிராமம். அப்பா அரசு பஸ் டிரைவர். அந்த வீட்டிலிருந்து கிளம்பி, 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். 2009-ல் உலகப் போட்டியில் வெண்கலம், 2010-ல் ஆசிய விளையாட்டில் தங்கம். 2015-ல் இங்கிலாந்துக்குப் போனார். மான்செஸ்டரில் தங்கி, அந்த நாட்டுப் பயிற்சியாளரிடம் படித்து, அந்த நாட்டு இளம் வீரர்கள் ஏறுகிற அதே ஏணியில் ஏறி, பணம் வாங்கிச் சண்டை போடுகிற தொழில்முறை வீரராக இறங்கினார். அந்த அக்டோபரில் முதல் சண்டை. அதிலிருந்து 2016 மே மாதத்துக்குள் ஆறு சண்டை. ஆறிலும் எதிராளி பாதியிலேயே காலி. ஏழாவது சண்டை, 2016 ஜூலையில் டெல்லி தியாகராஜ் அரங்கில். கெர்ரி ஹோப்பைப் பத்து ரவுண்டு ஆடி, பாயிண்டில் ஜெயித்து, ஆசிய பசிபிக் பட்டம் வாங்கிவிட்டார். நாடே கொண்டாடியது. அடுத்தது உலகப் பட்டம்தான் என்று பேச்சுக் கிளம்பியது.

அண்ணாச்சி கேட்கிறார்: "ஏழுக்கு ஏழு ஜெயிச்சவனை அப்பவே உலகச் சண்டையில் இறக்கியிருக்க வேண்டாமா?"

நடுவர் அவர்களே, இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. வள்ளுவர் சொல்வார். 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அதில் நாலு வலிமையைத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறார். செய்யப் போகிற காரியத்தின் வலிமை, தன் வலிமை, எதிராளி வலிமை, தனக்குத் துணையாக நிற்பவர் வலிமை. நாலையும் எடை போட்டுவிட்டு இறங்கு என்கிறார். குத்துச்சண்டைக்கு வள்ளுவரைவிடப் பெரிய வாத்தியார் யாரும் கிடையாது. (கைதட்டல்)

முதலில் காரியத்தின் வலிமை. ஒலிம்பிக் சண்டைக்கும் உலகப் பட்டச் சண்டைக்கும் பெயர்தான் ஒன்று. விஜேந்தர் ஆடிய லண்டன் ஒலிம்பிக்கில் ஒரு சண்டைக்கு 3 ரவுண்டு. ரவுண்டுக்கு 3 நிமிஷம். மொத்தம் 9 நிமிஷம். தலைக்குக் கவசம் உண்டு. உலகப் பட்டச் சண்டை 12 ரவுண்டு. 36 நிமிஷம். தலையில் ஒன்றும் கிடையாது. அருப்புக்கோட்டை வரைக்கும் சைக்கிள் மிதிக்கிறவனை மதுரை வரைக்கும் மிதிக்கச் சொன்னால், தூரம் மட்டுமா கூடுகிறது? மூச்சு வேற, காலு வேற, மனசு வேற. அதனால்தான் அங்கே இளம் வீரனை முதலில் 4 ரவுண்டு, அப்புறம் 6, அப்புறம் 8, அப்புறம் 10 என்று படிப்படியாக ஏற்றுகிறார்கள். விஜேந்தரின் முதல் ஆறு சண்டையில் நீளமானது எது தெரியுமா? ஐந்தாவது ரவுண்டில் முடிந்த ஒன்று. அதுவரை ஆறாவது ரவுண்டு எப்படி இருக்கும் என்று அவர் உடம்புக்கே தெரியாது! டெல்லியில்தான் முதல் தடவையாகப் பத்து ரவுண்டு நின்றார். அது வெற்றி மட்டுமல்ல, பரீட்சை. அப்படிப்பட்ட பரீட்சை இன்னும் நாலைந்து வேண்டியிருந்தது.

அடுத்து எதிராளி வலிமை. எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். எத்தனை பேரை அடித்தான் என்று கேட்காதே. யாரை அடித்தான் என்று கேள்! இங்கிலாந்தில் பீட்டர் பக்லி என்று ஒரு குத்துச்சண்டை வீரர் இருந்தார். பர்மிங்காம்காரர். மொத்தம் 300 சண்டை போட்டார். அதில் எத்தனையில் தோற்றார் தெரியுமா? 256! (சிரிப்பு)

நடுவர்: தோற்கிறதுக்குன்னே போனாரா?

அதுதாங்கய்யா விஷயம்! தோற்கப் போகவில்லை, சோதிக்கப் போனார். வளர்ந்து வருகிற பிள்ளைக்கு எதிராக அவரைக் கூப்பிடுவார்கள். சின்னப் பையன் அடிப்பான், இவர் தடுப்பார், நகருவார், கொஞ்சம் திருப்பிக் கொடுப்பார். பின்னாளில் உலக சாம்பியன் ஆன நசீம் ஹமீதுகூடச் சின்ன வயதில் இவர்கிட்ட ரெண்டு தடவை ஆடிவிட்டுத்தான் போனார். 2008-ல் தன்னுடைய முந்நூறாவது சண்டையில் ஜெயித்துவிட்டு ஓய்வு பெற்றார் பக்லி. அந்தத் தொழிலுக்கு இவர் மாதிரி ஆட்கள் உரைகல். தங்கமா பித்தளையா என்று உரசிப் பார்க்கிற கல். நான் கேவலமாகச் சொல்லவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். ஆனால் உரைகல்லில் உரசியதையே நகை செய்து போட்டுக்கொண்டதாகக் கணக்குச் சொல்லக் கூடாது. ஆரம்ப வெற்றிகள் பலவும் அப்படித்தான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். வாஸ்தவம். ஆனால் அந்த ஒரு சோற்றை எந்தப் பானையில் எடுத்தாய் என்று கேட்க வேண்டாமா? பக்கத்து வீட்டுப் பானையில் எடுத்துப் பார்த்துவிட்டு நம்ம வீட்டு உலையை இறக்கினால் விருந்தாளி என்ன ஆவான்? (சிரிப்பு)

சரி, உலகப் பட்டம் யார்கிட்ட இருந்தது? 2016 ஏப்ரலில் அந்த எடைப் பிரிவில், ஆசிய பசிபிக் பட்டம் கொடுத்த அதே அமைப்பின் உலகப் பட்டத்தை, கில்பர்ட்டோ ராமிரெஸ் என்கிற மெக்சிகோ இளைஞர் ஜெயித்தார். அவருக்கு அது எத்தனையாவது சண்டை? 34! வயது 24. நம்ம விஜேந்தருக்கு அப்போது வயது 30. டெல்லியோடு சேர்த்துச் சண்டை 7. இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் முப்பத்து நாலு. இதைத் தராசில் வைத்துப் பாருங்கள் நடுவர் அவர்களே. அருப்புக்கோட்டையில் பஸ் ஏறியவன் எல்லாம் மெட்ராஸ் போய்ச் சேர்ந்தவனா? பஸ் சரியான பஸ்தான். திசை சரியான திசைதான். ஆனால் ஊர் இன்னும் வரலையே! (கைதட்டல்)

மூன்றாவது, தன் வலிமை. இது முக்கியமானது. அடிக்கிறவன் வலிமையை யாரும் பார்க்கலாம். அடி வாங்கினால் என்ன செய்கிறான் என்பதுதான் வலிமை. முகம்மது அலியை நமக்குத் தெரியும். 1980-ல் மெட்ராஸுக்கே வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடிக் காட்டியவர். அதற்குப் பதினேழு வருஷம் முன்னால், 1963-ல், லண்டனில் ஹென்றி கூப்பர் விட்ட இடது கைக் குத்தில் அந்த அலியே கீழே விழுந்தார். எழுந்தார். அடுத்த ரவுண்டிலேயே சண்டையை முடித்தார். எட்டு மாதம் கழித்து, எல்லாரும் நடுங்கிய லிஸ்டனை ஜெயித்து உலக சாம்பியன் ஆனார். லண்டனில் விழுந்து எழுந்தாரே, அது கையில் பிசைந்து பார்த்த மண்!

இங்கிலாந்துக்காரர் அமீர் கான். 17 வயதில் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி. ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடியது. தொழில்முறையில் வரிசையாக 18 வெற்றி. 2008 செப்டம்பரில் பிரெஸ்காட் என்கிற கொலம்பியா வீரர் எதிரே வந்தார். எத்தனை நேரம் நின்றார் அமீர் கான்? 54 வினாடி! நான் வணக்கம் சொல்லி முடிக்கவே அதைவிட நேரம் ஆச்சு. (சிரிப்பு) பதினெட்டு வெற்றியும் சொல்லாத சேதியை அந்த ஐம்பத்து நாலு வினாடி சொல்லிவிட்டது.

அண்ணாச்சி எழுந்திருக்கப் பார்க்கிறார். "அவர்தான் அடுத்த வருஷமே உலக சாம்பியன் ஆனாரே" என்று கேட்கப் போகிறார். ஆனார். 2009 ஜூலையில் ஆனார். எப்படி ஆனார்? விழுந்த உடனே இன்னும் பெரிய ஆளைக் கொண்டா என்று மார் தட்டினாரா? இல்லை. கடல் தாண்டி அமெரிக்கா போய், ஃப்ரெடி ரோச் என்கிற பயிற்சியாளரிடம் முதலிலிருந்து தற்காப்புப் படித்தார். இடையில் ரெண்டு சண்டை போட்டுச் சோதித்தார். அப்புறம்தான் பட்டத்துக்கு இறங்கினார். அதாவது, எங்கள் அணிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் சாம்பியன் ஆனார்! (கைதட்டல்)

தாய்மார்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். நிகத் சரீன் கதையைச் சொல்லாமல் போனால் தப்பு. நிஜாமாபாத்துப் பெண். 2019-ல் ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு யாரை அனுப்புவது என்ற பேச்சு வந்தபோது, அந்தப் பெண் என்ன கேட்டாள்? "எனக்கு இடம் கொடுங்கள்" என்று கேட்கவில்லை. "மேரி கோம் அக்காவோடு என்னைச் சோதித்துப் பாருங்கள்" என்று கேட்டாள். பெயரைப் பார்க்காதே, துணிவைப் பார்க்காதே, பதத்தைப் பார் என்று அவளே கேட்டாள்! அந்த டிசம்பரில் டெல்லியில் சோதனை நடந்தது. 9-க்கு 1 என்று தோற்றாள். அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. 2022 மே மாதம் இஸ்தான்புல்லில் உலக சாம்பியன். 2023-ல் டெல்லியில் மறுபடியும் உலக சாம்பியன். இதுதான் பதம் பார்க்கிற லட்சணம். தோற்றாலும் அவளுக்கு அது பாடமாக இருந்தது. ஏனென்றால் எழுந்து படிக்கிற இடத்தில் வைத்துச் சோதித்தார்கள்.

எதிரணியில் தங்கச்சி ஒருவர், "டைசன் 20 வயதில் உலக சாம்பியன் ஆகவில்லையா, லோமசென்கோ ரெண்டாவது சண்டையிலேயே பட்டத்துக்குப் போகவில்லையா, நம்ம குகேஷ் 18 வயதில் சதுரங்கத்தில் உலக சாம்பியன் ஆகவில்லையா?" என்று மூணு குத்து விட்டார். மூணையும் வாங்கிக்கொண்டுதான் நிற்கிறேன். (சிரிப்பு)

டைசனுக்கு வயது 20, சரி. அது அவருக்கு எத்தனையாவது சண்டை தங்கச்சி? 28. இருபது மாதத்துக்குள் 27 சண்டை ஆடிவிட்டுத்தான் அங்கே போனார். வயது குறைவு, பக்குவம் குறைவு இல்லை. லோமசென்கோ ரெண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கினவர். அமெச்சூர் சண்டை மட்டும் சுமார் நானூறு ஆடினவர். அப்படிப்பட்டவரே 2014 மார்ச்சில் அந்த ரெண்டாவது சண்டையில் சலீடோ என்கிற பழம் தின்று கொட்டை போட்ட ஆளிடம் தோற்றார்! மூன்றாவதில்தான் பட்டம் கிடைத்தது. நம்ம குகேஷ் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர். உலக சாம்பியன் ஆனது 2024 டிசம்பரில், சிங்கப்பூரில். நடுவில் ஐந்தரை வருஷத்துக்கு மேல் உலகம் பூராவும் போய் ஆடினார். அதற்கு முன் ஏப்ரலில் டொராண்டோவில் எட்டுப் பேர் ஆடும் கேண்டிடேட்ஸ் போட்டியில் முதலாவதாக வந்தால்தான் உலகச் சாம்பியனோடு உட்காரவே விடுவார்கள். சல்லடையில் சலித்து எடுத்த பிள்ளை அது. நீங்கள் சொன்ன மூணு பேருமே எங்கள் கட்சிக்காரர்கள் தங்கச்சி! (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, இங்கே ஒரு விஷயத்தில் எதிரணிக்கும் நியாயம் கொடுக்க வேண்டும். பதம் பார்க்கிறேன் பதம் பார்க்கிறேன் என்று திண்ணையில் படுத்துக்கொண்டால், ஈரம் காய்ந்துவிடும். வள்ளுவர் 'வலியறிதலு'க்கு அடுத்த அதிகாரமாகவே 'காலமறிதல்' வைத்தார். பின்வாங்குகிற கிடா பயந்து போகவில்லை, பாய்வதற்காகப் போகிறது என்று அதில் சொல்கிறார். ஆனால் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தால் அது கிடா இல்லை, ஓடுகாலி!

விஜேந்தருக்கு என்ன நடந்தது? தொழில்முறைக்கு வரும்போதே வயது 29. 2017 டிசம்பருக்கும் 2019 ஜூலைக்கும் நடுவில் ஒரு சண்டைகூட இல்லை. 2019 நவம்பரில் துபாயில் ஜெயித்தபோது கணக்கு 12-க்கு 12. அப்புறம் மறுபடி பதினாறு மாதம் இடைவெளி. 2021 மார்ச்சில், கோவாவில் ஒரு கப்பலின் மேல்தளத்தில், அர்திஷ் லோப்சான் என்கிற ரஷ்ய வீரரோடு மோதினார். அந்தப் பையனுக்கு வயது 26, உயரம் ஆறடி நாலங்குலம். நம்மவருக்கு 35. ஐந்தாவது ரவுண்டில் சண்டையை நிறுத்தினார்கள். அதுதான் அவருக்கு முதல் தோல்வி. அடுத்த வருஷம் ராய்ப்பூரில் ஒரு சண்டை ஜெயித்தார். உலகப் பட்டச் சண்டை கடைசி வரைக்கும் வரவில்லை.

இதிலே அவர் வீரத்தில் என்ன குறை? ஒரு குறையும் இல்லை. துணிவு ஏதாவது குறைந்ததா? அதுவும் இல்லை. துணிவு மட்டும் போதுமென்றால் அவர் அன்றைக்கே உலக சாம்பியன்! குறைந்தது எது? வேண்டிய வயதில் வேண்டிய எதிராளி. படி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, நடுப்படியிலேயே நின்றுவிட்டது. பதம் பார்ப்பது என்றால் சும்மா இருப்பது இல்லை அய்யா. தினமும் காட்டுக்குப் போய்க் கையில் மண் எடுத்துப் பார்ப்பது!

கடைசியாக நாலாவது வலிமை. துணை வலிமை. ஆரம்பத்தில் ஒன்று பாக்கி வைத்தேன். அதை இப்போது சொல்கிறேன். 1982 நவம்பர் 13. அமெரிக்காவில் லாஸ் வேகாஸ். ரே மான்சினி என்கிற உலக சாம்பியனோடு மோத, தென்கொரியாவிலிருந்து கிம் டுக் கூ என்று ஓர் இளைஞர் வந்தார். தரவரிசையில் மேலே இருந்தார். ஆனால் அமெரிக்க மண்ணில் அதற்கு முன் ஒரு சண்டைகூட ஆடியதில்லை. அந்த இடத்துக்கு அவர் தகுதிதானா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. துணிவு? அண்ணாச்சி கேட்கிற துணிவு அத்தனையும் அந்தப் பிள்ளையிடம் இருந்தது. பதினாலாவது ரவுண்டு வரை நின்றார். பதினாலாவது ரவுண்டில் விழுந்தார். ஒரு தடவை எழுந்து நின்றார். அப்புறம் நினைவு தப்பியது. சில நாளில் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. ஊரில் அவர் கட்டிக்கொள்ள இருந்த பெண் பிள்ளை உண்டாகி இருந்தாள். அந்தப் பிள்ளை பிறந்தபோது தகப்பன் இல்லை. அந்தச் சாவுக்குப் பிறகுதான் பட்டச் சண்டைகளை 15 ரவுண்டிலிருந்து 12 ஆகக் குறைக்க ஆரம்பித்தார்கள்.

எதிரே நின்ற மான்சினியைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவரும் அதற்குப் பிறகு நிம்மதியாக இல்லை. ஆனால் தோத்தா பாடம் என்று லேசாகச் சொல்லாதீர்கள் அண்ணாச்சி. சதுரங்கத்தில் தோற்றவன் வீட்டுக்குப் போவான். இந்த விளையாட்டில் தோற்றவன் சில சமயம் வீட்டுக்குப் போவதே இல்லை. (அமைதி)

அப்படியானால் பதம் பார்க்க வேண்டியது யார்? சண்டையை ஏற்பாடு பண்ணுகிறவரா? அவருக்கு டிக்கெட் விற்க வேண்டும். கை தட்டுகிற நாமா? நமக்கு வேடிக்கை வேண்டும். சண்டை போடுகிற பிள்ளையா? அவனுக்கு ரோஷம், போதும் என்று அவன் வாயில் வராது. வடசென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டைப் பரம்பரைகள் இருந்தன. 2021-ல் வந்த சினிமாவிலும் பார்த்திருப்பீர்கள். அங்கே அந்த ஆளுக்குப் பெயர் கோச் இல்லை. 'வாத்தியார்'. யாரை, எப்போது, யாரோடு இறக்குவது என்பது வாத்தியார் வாக்கு. அந்தத் தமிழ்நாட்டு மண்ணிலிருந்து தேவராஜன் பார்சிலோனா ஒலிம்பிக் வரை போனார். 1994-ல் பாங்காக்கில் உலகக் கோப்பை வெண்கலம் வாங்கினார். வாத்தியார் இல்லாமல் ஒருத்தன் அந்த உயரத்துக்குப் போக முடியுமா?

1975 அக்டோபர் 1. மணிலா. முகம்மது அலிக்கும் ஜோ ஃப்ரேசியருக்கும் மூன்றாவது சண்டை. பதினாலு ரவுண்டு முடிந்துவிட்டது. இன்னும் மூணே நிமிஷம். ஃப்ரேசியருக்குக் கண் வீங்கி, வருகிற குத்துத் தெரியவில்லை. போறேன் போறேன் என்று துடிக்கிறார். அவர் வாத்தியார் எட்டி ஃபட்ச், போதும் என்று தடுத்து உட்கார வைத்துவிட்டார். உலகப் பட்டம் மூணு நிமிஷ தூரத்தில் இருக்கிறது, விட்டுக்கொடுத்தார். ஃப்ரேசியருக்குக் கோபம் வந்தது. வரத்தான் செய்யும். ஆனால் அதற்குப் பிறகு 36 வருஷம் உயிரோடு இருந்து, பெற்ற பிள்ளைகளைப் பார்த்து, 2011-ல்தான் கண்ணை மூடினார். அய்யா, போ என்று சொல்ல ஆயிரம் பேர் கிடைப்பார்கள். இப்ப வேண்டாம் என்று சொல்ல ஒருத்தர் இருந்தால், அவர்தான் துணை! (நீண்ட கைதட்டல்)

குமாரலிங்கபுரத்துப் பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் ஓடுகிற பிள்ளை இருக்கும், கபடி ஆடுகிற பிள்ளை இருக்கும், நாளைக்குக் குத்துச்சண்டை போடுகிற பெண் பிள்ளையும் வரும். வரட்டும். தடுக்காதீர்கள். மாவட்டத்தில் ஒரு கப் வாங்கியதும் பெரியவர்கள் பிரிவில் ஆட விடு, எடையைக் குறைத்து வேறு பிரிவில் ஆட விடு என்று யாராவது அவசரப்படுத்தினால், வாத்தியாரைக் கூப்பிட்டு மூணு கேள்வி கேளுங்கள். என் பிள்ளை இதுவரை யாரை ஜெயித்திருக்கிறான்? அடி பட்டபோது, பின்தங்கியபோது என்ன செய்தான்? போதும் என்று சொல்ல வேண்டிய நேரத்தில் நீங்கள் சொல்வீர்களா? மூணுக்கும் பதில் நல்லபடியாக வந்தால், தேங்காய் உடைத்து அனுப்பி வையுங்கள். உலக மேடைக்கே அனுப்புங்கள். ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். வரவில்லையா, ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறவும் கொஞ்சம் பொறுங்கள்.

துணிவு விதை. அது இல்லாமல் விளைச்சல் இல்லை; நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் விதையை எப்போது போடுவது என்று தீர்மானிப்பது விதை அல்ல, நிலத்தின் பதம். மழையையே நம்பி வாழ்கிற இந்த ஊர், அந்தக் கைப்பிடி மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தே விதைக்கிற ஊர். அந்த நியாயத்தையே நடுவர் அவர்களும் தீர்ப்பாக வழங்குவார்கள் என்று நம்புகிறேன்.